முறைப்புக்குக் கீழே

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மூட்டைகளின் மேல்தான். மிளகு மூட்டை என்றால் 'மி', கராம்பு மூட்டை என்றால் 'க', பக்கத்தில் எடை. தடித்த மார்க்கரால் சாக்கில் எழுதிப் பழகிய கை, கொப்பியின் கோடுகளுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகள்தான் எழுதச் சொன்னாள்.

"அப்பா, இந்தக் கதைய நீங்க எல்லார் கால்கிட்டயும் சொல்லிட்டீங்க. ஒருத்தர் மூஞ்சியயும் பாத்து சொன்னதில்ல. பேசாம எழுதிடுங்க. கொப்பிக்கு மூஞ்சி இல்லதானே."

அவள் சொல்வது சரிதான். எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது நேருக்கு நேர் நின்று பேசினால் என் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். கல்யாணத்தன்று படம் பிடித்தவர், "மாப்பிள்ள, கொஞ்சம் மேல பாருங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் தானே தரையில் குந்தியிருந்து படம் பிடித்தார். அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் மனைவி நிமிர்ந்து நிற்கிறாள். நான் பக்கத்தில் சில்லறை தொலைத்தவன் மாதிரி நிற்கிறேன்.

இப்படியே ஐம்பது வயதை நெருங்கிவிட்டதால் எனக்கு முகங்களைவிடக் கால்களைத்தான் நன்றாகத் தெரியும். மாத்தளை டவுனில் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் தராசுக்கு நிற்கிறேன். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று தோட்டக்காரர்கள் கொண்டுவருவதை நிறுத்து எடை சொல்வது என் வேலை. மூட்டையோடு நிறுப்பதால் சாக்குக்கு ஒரு கிலோ கழித்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சாக்குக் கழிவு என்று பெயர். சரக்கு கொஞ்சம் ஈரமாக இருந்தால் ஈரக் கழிவும் உண்டு. ஆனால் அதை முதலாளிதான் போடுவார், நான் போடுவதில்லை.

வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். குதிகால் வெடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தால் அவர் மஞ்சள் அவிக்கிறவர். இடது பெருவிரலில் நகம் இல்லாதவர் பல்லேபொலப் பக்கத்து மிளகுக்காரர். அவர் சிங்களவர். நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசுவோம், அதாவது அவர் பேசுவார். அவர் முகம் எப்படி என்று கேட்டால் அந்த நாளில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் முதலாளி விலை பேசும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் பேசவே மாட்டார். மிளகில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். ஒன்றை எடுத்துக் கடிப்பார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் பதிலுக்குப் பார்ப்பார். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருக்கு விலை போச்சு. முக்கால்வாசி நேரம் வந்தவர்தான், "சரி முதலாளி, நீங்களே சொல்லுங்க" என்று இறங்கிவருவார். அந்த நேரத்தில் நான் தராசைத் துடைப்பதுபோல் ஏதாவது செய்துகொண்டு கால்களைப் பார்த்திருப்பேன். பெருவிரல் சுருளத் தொடங்கினால் ஆள் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

ஆகையால், பொக்சிங்கில் முறைப்பு என்று ஒன்று இருப்பதாக மகள் வந்து சொன்னபோது எனக்கு அது அவ்வளவு புதிதாகப் படவில்லை.

மகள் டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள். கூடப் படித்த பிள்ளை ஒருத்தி பொக்சிங் பழகப் போனாள், துணைக்கு இவளும் போனாள். அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. இவள் நிற்கவில்லை. பழக்குகிறவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கை வேகமான பிள்ளை, ஆனால் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே குத்துகிறாள் என்று சேர் என்னிடம் முறையிட்டார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே, அப்படியா என்று கேட்டேன். சேரின் சப்பாத்து ஒரு அடி பின்னால் போனது. பிறகு, "சரி, விளங்குது" என்றார்.

முறைப்பு என்பது பையன்கள் வைத்த பெயர். சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பெரிய பெரிய வீரர்கள் அப்படிச் செய்வதை எல்லோரும் போனில் பார்த்திருக்கிறார்கள். இங்கே நடக்கிற போட்டிகளுக்கு அது தேவையே இல்லையாம், சட்டத்திலும் இல்லையாம். ஆனால் ஃபேஸ்புக்கில் போடப் படம் வேண்டுமே. அதனால் எடை பார்த்து முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியாக நிறுத்திப் படம் பிடிப்பார்கள். அதில் யார் கண்ணை முதலில் எடுக்கிறாரோ அவரைப் பையன்கள் அன்று முழுக்க விட மாட்டார்கள்.

என் மகள் போன முதல் போட்டியில் முறைப்பு தொடங்குமுன்பே தலையைக் குனிந்துவிட்டாள். அதைப் பார்த்து எதிரே நின்றவளுக்குத் தைரியம் வந்து, மேடையில் இவளை மூலைக்கு மூலை துரத்தி அடித்தாள். உதடு வீங்கி வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து என் மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வென்னீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அடி வாங்குறது பரவாயில்ல. நானும் எங்க அண்ணன்மார்கிட்ட வாங்காத அடியா. பயந்துகிட்டே போய் அடி வாங்குறதுதான் எனக்குப் புடிக்கல. இன்னும் ஒரு தடவ போ. அங்கயும் கண்ண கீழ போட்டியா, அதோட சரி. அதுக்கு மேல அந்தப் பக்கம் போகக்கூடாது."

மகள் தலையாட்டினாள்.

"வாயால சொல்லு."

"சரிம்மா."

"நீங்க," என்று என் பக்கம் திரும்பினாள், "கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும். கண்ண எடுத்தான்னா அப்பவே கூட்டிட்டு வந்துடுங்க. மேடைக்கு ஏறவே வேணாம்."

மனைவி வேலை செய்யும் இடத்தில் அடுத்த போட்டியன்று லீவு கிடைக்காது. அதனால் இந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊரிலேயே அதற்குப் பொருத்தமில்லாத ஆள் நான்தான் என்பதை மூன்று பேருமே அப்போது யோசிக்கவில்லை.

மகள் அடுத்த நாளிலிருந்தே பழக ஆரம்பித்தாள். முதலில் கண்ணாடியைப் பார்த்து முறைத்தாள். கண்ணாடிக்குள் இருந்தவளும் இவளைப்போலவே வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டதால் அது சரிவரவில்லை. பிறகு சுவரில் தொங்குகிற கலண்டரில் முத்துமாரியம்மனைப் பார்த்து முறைத்தாள். அம்மன் கண் பெரிய கண், இமையே கொட்டாது.

"தெனமும் தோக்குறேம்ப்பா" என்றாள்.

"சாமிய யாராச்சும் முறைப்பாங்களாடி, கண்ணு போயிரும்" என்று கலண்டரை மனைவி எடுத்து வேறு பக்கம் மாட்டினாள்.

மனைவியோடு பழகலாம் என்றால் அவளால் பேசாமல் இருக்க முடியாது. நேருக்கு நேர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, "கண்ணுக்குக் கீழ ஏன் கருத்துருக்கு? ராவெல்லாம் போன் பாக்குறியா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அது முறைப்பாக இல்லாமல் விசாரணையாகப் போய்விடும். கடைசியில் நான் அகப்பட்டேன். பின்னேரம் பிளேன்டீ குடித்து முடித்ததும் நானும் மகளும் எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவோம். மனைவி, "ம், பாருங்க" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்ப்போம்.

"இது என்ன முறைப்பா, எழவு வீடா?" என்று கேட்டுவிட்டு மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மகளின் கால்களை நான் மறுபடி கவனித்தேன். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட முதல் நாள், அவள் அழவில்லை. ஆனால் வலது கால் பெருவிரல் இடது கால் விரல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயம் வந்தால் அந்த விரல் ஏறும். ஊசி போடப் போனாலும் ஏறும், பரீட்சை முடிவு வருகிற நாளிலும் ஏறும். இப்போது பத்தொன்பது வயதிலும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து அப்பாவை முறைக்கும்போது அந்த விரல் ஏறித்தான் இருந்தது.

போட்டி டவுனிலேயே ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். காலையில் எடை, பின்னேரம் சண்டை. அதற்கு முதல் நாள் சேர் ஸ்டோருக்கு வந்து முதலாளியைப் பார்த்தார். போட்டி நடத்துகிறவர்களிடம் இருந்த பற்றரித் தராசில் ஒரே ஆள் மூன்று தரம் ஏறினால் மூன்று எடை காட்டுகிறதாம். முதலாளி எங்கள் ஸ்டோரில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கொடுத்தார். "ஆளோட எடுத்துட்டுப் போங்க. வேற யாரு தொட்டாலும் அது கோவிச்சுக்கும்" என்றார். ஆள் என்றது என்னைத்தான்.

அப்படித்தான் நான் காலையிலேயே ஓட்டோவில் தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மகள் முன் ஸீட்டில் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மண்டபத்தில் போய் இறங்கினோம். தராசை ஒரு மூலையில் வைத்து மட்டம் பார்த்துப் பக்கத்தில் குந்தினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. எல்லோரும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொருவராகத் தராசில் ஏறினார்கள். மண்டபம் முழுக்கப் புதுக் கால்கள். நான் எடையைச் சொல்ல, போட்டி அதிகாரி ஒருவர் குனிந்து ஊசியையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மகளின் முறை வந்தபோது நான் எடையைச் சொல்லாமல் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரியே ஊசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். அவள் இறங்கியதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில்தான் பிழை நடந்தது.

அடுத்ததாக அவளோடு சண்டை பிடிக்கப்போகும் பிள்ளை ஏறியது. உயரமான பிள்ளை. எடை கூடிவிடும் என்ற பயத்தில் விடியற்காலையிலிருந்து ஸ்கிப்பிங் கயிறு அடித்துவிட்டு வந்திருந்ததால் நெற்றியெல்லாம் வியர்வை. அந்தப் பிரிவில் ஐம்பத்தொரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஊசி சரியாக ஐம்பத்தொன்றில் நின்றது. என் வாய் என்னைக் கேட்காமலே சத்தமாகச் சொன்னது:

"சாக்கு போக ஐம்பது."

சிங்களத்தில்தான் சொன்னேன். அதனால் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெரிந்த குரல்.

"தராசுக்காரரே, என் மகள் சாக்குல வரலையே."

திரும்பினேன். நகம் இல்லாத இடது பெருவிரல். பல்லேபொல மிளகுக்காரர்.

"இருந்தாலும் கழிச்சது கழிச்சீங்க," என்றார் அவர், "பிள்ள நல்லா வேர்த்துப்போய் இருக்கு. முதலாளிய கூப்பிட்டு ஈரக் கழிவும் போட்டுருங்களேன். இன்னும் கொஞ்சம் குறையும்."

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐம்பத்தொன்று என்று எழுதினார். அப்போது யாரோ, "தராசுக்காரர் மற்றப் பிள்ளையோட அப்பாவாச்சே, அது சரியா?" என்று கேட்டார்கள். மிளகுக்காரரே பதில் சொன்னார்.

"தராசு பொய் சொல்லாது, அவரும் சொல்ல மாட்டார். அவர் முதலாளியப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

மறுபடி சிரிப்பு. எனக்கு அங்கேயே தராசுத் தட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று உடனே வந்தது. மகளின் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. தராசில் நின்ற பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதோ அடுத்த நிமிடம் முறைக்க வேண்டியவர்கள். எதிரே நிற்பவளைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டால்தான் கண்ணை எடுக்காமல் நிற்க முடிகிறது என்று மகள் முதல் நாள் இரவு சொல்லியிருந்தாள். நான் ஒரு சாக்கைக் கழித்து அந்த நினைப்பையும் கழித்துவிட்டேன்.

சேர் வந்து இரண்டு பேரையும் தராசுக்கு முன்னாலேயே நிறுத்தினார். "சிரிச்சது போதும். கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. ம், பாருங்க."

படம் பிடிக்க ஒரு பையன் போனைத் தூக்கினான். தூக்கியவன் இறக்கினான்.

"சேர், போன்ல இடமில்ல. கொஞ்சம் அழிக்கணும்."

"அப்ப அழி. அவங்க நிக்கட்டும்."

அவன் அழிக்கத் தொடங்கினான். எதை அழிப்பது, எதை வைப்பது என்று அவனுக்குள் ஒரு போராட்டம். "இது எங்க அக்கா கல்யாணம், இது வேணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான். அதுவரை இரண்டு பிள்ளைகளும் மூச்சுப் படும் தூரத்தில் அசையாமல் நின்றார்கள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஸ்டோரில் முதலாளி மிளகைக் கடித்த பிறகு வருமே, அதே அமைதி. ஃபேன் சத்தம் மட்டும்.

நான் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் மூக்குக்கு நேரே நான்கு வெறுங்கால்கள். மகளின் கால்கள் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தன. பிறகு வலது பெருவிரல் மெல்ல அசைந்தது. இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் சொன்னேன். அது கேட்கவில்லை. ஏறி, இடது கால் விரல்மேல் உட்கார்ந்துகொண்டது. எதிரே அந்தப் பிள்ளையின் விரல்களைப் பார்த்தேன். பத்தும் தரையைக் கவ்விக்கொண்டு வெளுத்துப்போயிருந்தன.

"எடுத்தாச்சு" என்றான் பையன். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு பேரும் பிரிந்து போனார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி என்னை எதற்கு அனுப்பினாள்? கண்ணைப் பார்க்க. நான் எதைப் பார்த்தேன்? காலை. மகள் கண்ணை எடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கூச்சத்தில் யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கடைசியில் நகமில்லாத பெருவிரல் பக்கத்தில் வந்து நின்றது. அவரிடம் கேட்டேன்.

"எங்க பிள்ள கண்ண எடுத்துச்சா?"

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அத என்கிட்ட கேக்குறீங்களா? பயத்துல நான் கண்ணையே மூடிக்கிட்டேன்."

பிள்ளைகள் முறைத்தார்கள், அப்பாமார் இரண்டு பேரும் இப்படி. படத்தைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பையன் அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விட்டான்.

விரல் ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். விரல் ஏறினால் பயம். பயம் வந்தால் கண் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் நானும் அவளும் அப்படித்தானே. கூட்டிக்கொண்டு போய்விடுவதுதான் சரி என்று முடிவு செய்து அவளைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பையை எடு. வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"ஏன்?"

"அம்மா சொன்னா இல்ல."

"நான் கண்ண எடுத்தனா?"

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

"அப்பா, நான் கண்ண எடுத்தனா?"

"நான் பாக்கல."

"பின்ன என்னத்த பாத்தீங்க? பக்கத்துலதானே இருந்தீங்க?"

"கால பாத்தேன். வெரல் ஏறிச்சு."

மகள் வாழைப்பழத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அது ஏறத்தான் செய்யும். அத நான் என்ன பண்ண? அது எப்பவும் அப்பிடித்தான். கால பாக்காதீங்கப்பா. இங்க பாருங்க. என் மூஞ்சப் பாருங்க."

நான் அவளுடைய கழுத்து வரைக்கும் வந்தேன்.

"இன்னும் மேல."

பார்த்தேன். முதலில் தெரிந்தது இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டதில், பழக ஆரம்பித்த காலத்திலேயே வந்ததாம். அத்தனை நாளும் ஒரே வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறோம். கண்கள் அவளுடைய அம்மாவின் கண்கள். கல்யாண ஆல்பத்தில் நிமிர்ந்து நிற்கிறாளே, அதே கண்கள். அவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு வேர்த்தது. கீழே போகப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். நின்றேன். அந்த முகத்தில் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் அது எழுந்து ஓடப்போகிற முகம் இல்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியாமல் நான்தான் கண்ணை எடுத்தேன்.

"பாத்தீங்களா, நீங்கதான் எடுத்தீங்க," என்றாள். "பாண் வேணுமா?"

பக்கத்தில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போகும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பின்னேரம் சண்டை. மேடையில் எல்லோரும் கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். விரல்கள் உள்ளே போய்விட்டன. எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் முகங்களைப் பார்த்தேன். மகள் எதிராளியின் நெஞ்சைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே குத்தினாள். முகத்தில் வாங்கவும் செய்தாள். மிளகுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மகள் குத்தினால் அவர் என் தொடையைப் பிடித்துக்கொள்வார், அவர் மகள் குத்தினால் நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். முடிவில் அவர் மகளின் கையைத்தான் தூக்கினார்கள். சரியான தீர்ப்புத்தான். அந்தப் பிள்ளைக்கு நீளமான கை. இறங்கி வந்த இரண்டு பேரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள். "சாக்கு போக நல்லாத்தான் அடிச்ச" என்று அந்தப் பிள்ளை என் மகளிடம் சொல்லிவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"கண்ண எடுத்தாளா?"

"எடுக்கல" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்." படிக்கட்டில் பார்த்தேன்தானே, பொய் இல்லை.

அப்போது மகளின் போன் கிணிங் என்றது. சேர் படத்தை அனுப்பியிருந்தார். மனைவி போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் மூக்கு முட்ட நிற்கிறார்கள். மகளின் கண் நேராக இருக்கிறது, இமைகூட இறங்கவில்லை. அதை மனைவி நெடுநேரம் பார்த்தாள். பிறகு விரலைக் கீழே இழுத்தாள். படத்தின் அடியில், இரண்டு பேரின் முழங்காலுக்கும் நடுவில், ஒரு மனிதர் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"இதுக்கா உங்கள அனுப்பினேன்?"

மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்குக் கழிவு, போனை அழித்தது, விரல் ஏறியது, படிக்கட்டு, எல்லாம். மனைவி கேட்டுக்கொண்டே மகளின் காலைப் பார்த்தாள். அப்போது அந்த விரல் ஒழுங்காகத் தரையில் இருந்தது.

"அடுத்த தடவ நான் லீவு போட்டுட்டு வர்றேன்," என்றாள். "நீங்க தராச பாத்துக்கங்க."

அடுத்த தடவை என்று அவள் சொன்னதை மகளும் கவனித்தாள், நானும் கவனித்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பேசி அதைக் கெடுத்துக்கொள்வானேன். மகள் மறுநாளே பழகப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த மிளகு சீசனில் ஒருநாள் வாசலில் நகமில்லாத பெருவிரல் செருப்பைக் கழற்றியது. நிறுத்தேன், சாக்குக் கழித்தேன். முதலாளி ஒரு மிளகைக் கடித்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அவரும் பார்த்தார். நான் வழக்கம்போலத் துணியை எடுத்துத் தராசைத் துடைத்தேன். அப்போது ஏதோ தோன்றித் தலையைத் தூக்கினேன். மிளகுக்காரரின் கண் முதலாளியிடமிருந்து நழுவி என்னிடம் வந்தது. நீண்ட மூக்கு, நரைத்த மீசை, மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. இத்தனை வருடத்தில் அப்போதுதான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். அவர் உதட்டை அசைத்துச் சத்தமில்லாமல், "சாக்கு போக" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"என்ன, என்ன விஷயம்?" என்றார்.

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். அன்றைக்கு மிளகு நல்ல விலைக்குப் போனது.

இதை எழுதி முடித்தது மாசி மாதம், அம்மன் தேருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.